சாலைப் பயணமும் நகைச்சுவையும்



சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் பூன் லே என்றொரு வட்டாரம் இருக்கிறது. பள்ளி விடுமுறை தொடங்கும் முதல் சனிக்கிழமையன்று, பொழுது புலர்வதற்கு முன்பு, அங்குள்ள அடுக்குமாடி வீடுகளின் கார் நிறுத்துமிடத்தில் போய் நின்று பார்த்தால் ஒரு காட்சி தென்படும். ஒரு சிறிய கார். அதன் பின்பெட்டி திறந்து கிடக்கும். உள்ளே முறுக்கு டின், மாற்றுத் துணிப் பைகள், குழந்தைக்குப் பால்மாவு, ஜொகூரில் உள்ள அத்தைக்கு வாங்கிய மேசை மின்விசிறி. குடும்பத் தலைவர் எல்லாவற்றையும் இடம் பார்த்து, இண்டு இடுக்கு விடாமல் அடுக்கி, கதவைச் சாத்தப் போவார். அந்த நேரம் பார்த்து மின்தூக்கி திறக்கும். வீட்டுப் பெரியவள் இன்னும் இரண்டு பைகளோடு வெளியே வருவாள். தலைவர் ஒன்றும் பேசமாட்டார். அடுக்கிய அத்தனையையும் தரையில் இறக்கி வைத்து, முதலிலிருந்து தொடங்குவார்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அடுக்குகிறவருக்கு ஒன்றுமே இல்லை. மூன்றாம் மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிறவருக்கு நிறைய இருக்கிறது. பத்து நாள் கழித்து அடுக்கியவரே அதைக் கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லும்போது, அவருக்கும் சிரிப்பு வருகிறது. அன்றைக்குக் கோபமாக இருந்தது இன்றைக்குக் கதையாகிவிட்டது. அந்தப் பத்து நாளில்தான் நகைச்சுவைப் பயணக் கட்டுரை என்பது பிறக்கிறது. அது எப்படிப் பிறக்கிறது, யார் யார் எழுதினார்கள், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் குடும்பங்களுக்கு அதில் என்ன அக்கறை என்பதைத்தான் இன்று பேசலாம் என்று இருக்கிறேன்.

பூன் லேயிலிருந்து தொடங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தப் பெயர் ஒரு தோட்ட முதலாளியின் பெயர். சியூ பூன் லே என்ற சீனப் பெரியவர் அங்கே கம்பீரும் மிளகும் பயிரிட்டார். பிறகு ரப்பர் போட்டார். பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவரும் அவரே. 1961 முதல் ஜூரோங் வட்டாரத்தில் தொழிற்பேட்டை எழும்பியது. 1970களில் பூன் லேயில் அடுக்குமாடி வீடுகள் வந்தன. 1990ஆம் ஆண்டு ஜூலை மாதம் பெருவிரைவு ரயில் வந்தது. பால்மரம் நின்ற இடத்தில் இன்றைக்கு மின்தூக்கி நிற்கிறது. ஆகவே, பூன் லேயிலிருந்து ஜொகூர்த் தோட்டத்துக்குப் போகிற குடும்பம் பழைய தோட்டம் ஒன்றிலிருந்து இன்னொரு தோட்டத்துக்குத்தான் போகிறது. நடுவில் ஒரு கடல் இருக்கிறது. கடலின் இரு பக்கமும் சோதனைச் சாவடி இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் கடலைத் தாண்டுவதற்கு நீண்ட காலம் ஒரே ஒரு சாலைதான் இருந்தது. 1924ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜொகூர் தரைப்பாலம், ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். 1998ஆம் ஆண்டு ஜனவரியில் துவாஸ் பக்கம் இரண்டாம் பாலம் திறந்தது. பூன் லேக்காரர்களுக்கு அதுதான் அருகில். அங்கே போவதற்குள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சிங்கப்பூர்ப் பதிவெண் கொண்ட கார் எல்லையைத் தாண்ட வேண்டுமானால், பெட்ரோல் டாங்கி முக்கால் பங்கு நிறைந்திருக்க வேண்டும். ஜொகூரில் பெட்ரோல் விலை குறைவு. எல்லோரும் காலி டாங்கியோடு அங்கே போய் நிரப்பிக்கொண்டு வந்துவிட்டால் சிங்கப்பூர் அரசாங்கத்துக்கு வரி வருமானம் போய்விடும் அல்லவா? அதனால் 1989இல் அரை டாங்கி என்று சட்டம் போட்டார்கள். 1991இல் அது முக்கால் ஆயிற்று.

சட்டத்தைச் சொல்லிவிட்டேன். இதில் சிரிப்பு இல்லை. ஆனால் இந்தச் சட்டத்தை ஒரு காருக்குள் வைத்துப் பாருங்கள். விடுமுறை நெரிசலில் கார் அங்குலம் அங்குலமாக நகர்கிறது. முள் முக்கால் கோட்டின்மேல் நிற்கிறது. நகர நகர முள் இறங்குமே! தலைவர் குளிர்சாதனத்தை நிறுத்துகிறார். குழந்தை அழுகிறது. மனைவி ஜன்னலை இறக்குகிறார். பெரியவள் பின்னிருக்கையிலிருந்து எம்பி அந்த முள்ளைப் பார்த்து, "முருகா, இன்னும் அரை மணி நேரம் தாங்கிக்கொள்" என்கிறாள். ஐந்து பேர், ஒரு முள், ஒரு கடவுள். இப்போது சிரிப்பு வந்துவிட்டது.

எழுத நினைப்பவர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். "பயணம் மிகவும் வேடிக்கையாக இருந்தது" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் வேடிக்கையாக இருக்காது. முக்கால் டாங்கி என்ற அளவு, முள் என்ற பொருள், அரை மணி என்ற கெடு — இப்படித் துல்லியமாகச் சொல்லும்போது அவரும் காருக்குள் ஏறி உட்கார்ந்துவிடுகிறார்.

கப்பல் பயணத்தைவிட, ஆகாய விமானப் பயணத்தைவிட, சாலைப் பயணத்தில் நகைச்சுவை மிகுதியாக விளைவதற்கும் காரணம் உண்டு. விமானத்தில் நமக்கு வேலை கிடையாது. கட்டிப் போட்டாற்போல உட்கார்ந்திருக்கிறோம். சாலையில் அப்படியில்லை. எங்கே திரும்புவது, எங்கே நிறுத்துவது, யாரைக் கேட்பது என்று ஒவ்வொரு மைலுக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. எடுப்பவர் ஒருவர், குறை சொல்பவர் நால்வர். அவர்கள் ஒருவரையொருவர் விட்டு எழுந்து போகவும் முடியாது. உறவினர்களை ஒரு சிறிய பெட்டிக்குள் அடைத்து, வெயிலில் ஆறு மணி நேரம் உருட்டினால் எந்தக் குடும்பத்திலும் கதை விளையும்.

தமிழில் வழிப்பயண இலக்கியம் புதிதன்று. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு கலைஞன், எதிரே பசியோடு வரும் இன்னொரு கலைஞனைப் பார்த்து, "இந்த வழியாகப் போ, இன்ன ஊர் வரும், இன்ன சோறு கிடைக்கும், இன்னாரைப் பார்" என்று வழி சொல்வதுதான் ஆற்றுப்படை. பள்ளிக்கூடத்தில் இதை நாம் பயபக்தியோடு மனப்பாடம் செய்ததால் அதில் உள்ள சிரிப்பு நம் கண்ணில் படவில்லை. பொருநராற்றுப்படையில் ஒரு பொருநன் கரிகாலன் அரண்மனையில் தான் தின்ற கதையைச் சொல்கிறான். இரவும் பகலும் இறைச்சி தின்று தின்று அவன் பல் மழுங்கிப் போயிற்றாம். புன்செய் நிலத்தை உழுது உழுது தேய்ந்த கலப்பையின் கொழுவைப் போல ஆயிற்றாம். அரண்மனை விருந்துக்குப் போனவன் அரசனின் கிரீடத்தைப் பற்றிப் பேசாமல் தன் பல்லைப் பற்றிப் பேசுகிறான் பாருங்கள். அவன்தான் நல்ல பயண எழுத்தாளன்.

சிறுபாணாற்றுப்படையில் வேறொரு காட்சி. பாணன் வீட்டு அடுக்களை இடிந்து கிடக்கிறது. அங்கே சமையல் நடக்கவில்லை; நாய்தான் குட்டி போட்டிருக்கிறது. வீட்டுக்காரி குப்பைக் கீரையைக் கிள்ளி வந்து, உப்புக்குக்கூட வழியில்லாமல் வேக வைக்கிறாள். பரிமாறுவதற்கு முன்னால் கதவைச் சாத்துகிறாள். எதற்கு? பார்த்தவர்கள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்களே என்றுதான். இதைச் சொல்கிறவன் இப்போது பரிசு பெற்று, வயிறு நிறைந்து, திரும்பி வந்துகொண்டிருப்பவன். அன்று சாத்திய கதவை இன்று அவனே திறந்து காட்டுகிறான். கஷ்டத்துக்குள் இருக்கும்போது கதவைச் சாத்துகிறோம். அதைக் கடந்து வந்த பிறகுதான் திறக்க முடிகிறது. சாலை நகைச்சுவைக்கும் இதே கணக்குத்தான்.

மேல்நாட்டில் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டவர்களில் அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவெய்ன் பெரியவர். 1861ஆம் ஆண்டு அவருடைய அண்ணனுக்கு நெவாடா பிரதேச அரசாங்கத்தில் செயலாளர் வேலை கிடைத்தது. இருவரும் மிசௌரியிலிருந்து குதிரைக் கோச்சு வண்டியில் புறப்பட்டார்கள். ரயில் அப்போது அந்தப் பக்கம் போகவில்லை. ஆளுக்கு இருபத்தைந்து ராத்தல் சாமான்தான் வண்டியில் ஏற்றலாம். அதில் அண்ணன் ஆறு ராத்தல் எடையுள்ள அகராதி ஒன்றை வைத்துக்கொண்டார்! போகிற இடத்தில் அகராதி கிடைக்காதே என்ற கவலை. பத்திரமாக வந்து சேரும்படி அதைக் கடையிலிருந்து வரவழைத்திருக்கலாம் என்பது பின்னால்தான் தெரிந்ததாம். பள்ளத்தில் வண்டி சாயும் ஒவ்வொரு தடவையும் உள்ளே இருப்பவர்கள் ஒரு பக்கமாகச் சரிவார்கள். அகராதியும் கூடவே பறந்து வந்து யாரையாவது தாக்கும். ஒரு தடவை அண்ணனின் முழங்கை. மறு தடவை இவருடைய வயிறு. மூன்றாம் தடவை கூட வந்தவரின் மூக்கு. 1872இல் வெளிவந்த நூலில் இதை எழுதினார். ஆறு ராத்தல் என்று அவர் எடை சொல்லியிருக்காவிட்டால் அந்த அடி நம் மேல் விழுந்திருக்காது.

ஆனால் அதே நூலில் இன்னோர் இடமும் இருக்கிறது. வழியில் பாலைநிலத்தில் வாழ்ந்த கோஷூட் என்ற செவ்விந்தியக் குடியினரைப் பார்க்கிறார். வறட்சியில் உழன்ற ஏழைகள். அவர்களைப் பற்றி அவர் எழுதியிருப்பது படிக்கக் கூசுகிறது. அகராதி தன் வயிற்றில் விழுந்தபோது மேதையாக இருந்தவர், பசித்தவனைப் பார்த்துச் சிரிக்கும்போது மிகவும் சிறியவராகிவிட்டார். எழுத்தும் அந்த இடத்தில் தட்டையாக இருக்கிறது. வழியில் போகிறவன் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறானா, வழியோரம் நிற்கிறவனைப் பார்த்துச் சிரிக்கிறானா? எந்தப் பயண நூலைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

நமக்கு இது வெறும் இலக்கியக் கேள்வியன்று. மலாயாவுக்கும் இலங்கைக்கும் வந்துபோன வெள்ளைக்காரப் பயணிகள் எத்தனையோ நூல்கள் எழுதினார்கள். அவற்றில் நம் பாட்டன் பாட்டிமார் வருகிறார்கள். எப்படி வருகிறார்கள்? மூட்டை தூக்குகிற கூலியாக, சொன்னது புரியாமல் தலையாட்டுகிறவராக, கார் பழுதாகி நின்றபோது தள்ளிவிட்டவராக. தள்ளியவருக்கு அந்த நூலில் பெயர் கிடையாது. அவர் வீட்டுக்குப் போய், அந்தத் துரை சேற்றில் வழுக்கி விழுந்த அழகை மனைவி மக்களுக்கு நடித்துக் காட்டியிருப்பார், அது நூலாகவில்லை.

ஒரு நூலை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1955ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி லண்டனிலிருந்து இரண்டு லேண்ட் ரோவர் வண்டிகள் கிளம்பின. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள். வண்டிகளுக்கும் அதே பெயர்கள்தான். ஒன்றுக்குக் கருநீலம், மற்றதற்கு வெளிர்நீலம். ஆண்டுதோறும் படகுப் போட்டியில் மோதிக்கொள்ளும் இரண்டு பல்கலைக்கழகங்கள் ஒரே சாலையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதென்றால் கேலிக்குப் பஞ்சமிருக்குமா? ஐரோப்பா, மேற்கு ஆசியா, இந்தியா, அஸ்ஸாமிலிருந்து போர்க்காலத்தில் போட்ட ஸ்டில்வெல் சாலை வழியாகப் பர்மா, பிறகு சயாம், மலாயா என்று வந்து, 1956 மார்ச் 6ஆம் தேதி சிங்கப்பூரை அடைந்தார்கள். அவர்களில் ஒருவரான டிம் ஸ்லெஸ்ஸர் இந்தப் பயணத்தை நூலாக எழுதினார். உற்சாகமான நூல், தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொள்ளும் நல்ல குணம் அதில் உண்டு. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில், பழுதுபார்த்துப் புதுப்பித்த அந்த 'ஆக்ஸ்ஃபோர்டு' வண்டி சிங்கப்பூரிலிருந்து திரும்பவும் லண்டனுக்குப் புறப்பட்டது. 87 வயதான ஸ்லெஸ்ஸரும் போவதாக இருந்தது. உடல்நலம் இடம் கொடுக்காததால் அவருக்குப் பதிலாகப் பேரன் போனான். டிசம்பரில் வண்டி லண்டன் சேர்ந்தது.

சரி, 1956ஆம் ஆண்டு தொடக்கத்தில் அந்த வண்டிகள் மலாயாவுக்குள் ஓடி வந்தபோது, சாலையின் இரு பக்கமும் இருந்த தோட்டங்களில் நம்மவர்கள் எப்படி இருந்தார்கள்? 1948 முதல் 1960 வரை மலாயாவில் அவசரகாலம். கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்று அரிசிக்குக் கட்டுப்பாடு. பல தோட்டங்களில் லயங்களை ஒன்றாகச் சேர்த்து முள்வேலி போட்டிருந்தார்கள். விடியற்காலையில் பெரட்டு முடிந்து வேலைக்காட்டுக்குப் போகும்போது வாசலில் சோதனை. பல இடங்களில் சாப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போகவே தடை. ஆறு பேர் பாதி உலகத்தைச் சுற்றிக்கொண்டு அந்தச் சாலையில் வந்தார்கள். அதே நேரத்தில் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி ஒரு பிடிச் சோற்றை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்ட முடியவில்லை. அந்த இளைஞர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தச் சாலைக்கு இரண்டு கதைகள் உண்டு, ஒன்றுதான் அச்சாயிற்று.

இரண்டாவது கதையும் சிரிப்புக் கதைதான். எங்கள் வீட்டில் அதைச் சொல்வார்கள். என் பாட்டி ஒருநாள் அவித்த மரவள்ளிக் கிழங்குத் துண்டு ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு வேலி வாசலுக்குப் போனாள். காவலாள் முடிச்சைத் தொட்டுப் பார்த்து, "என்ன?" என்று கேட்டான். "மருந்து" என்றாள் பாட்டி. "சரி, மருந்தை இங்கேயே சாப்பிடு" என்றான் அவன். பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். கங்காணி கத்துகிறார். பாட்டி அந்த ஆறிப்போன கிழங்கை நின்றபடியே தின்றாள். பாதியில் விக்கல் எடுத்தது. காவலாள் தன் தண்ணீர்க் குப்பியை நீட்டினான். குடித்தாள். விக்கல் நிற்கவில்லை. அன்று முழுவதும் மரத்துக்கு மரம் விக்கிக்கொண்டே பால் வெட்டினாளாம். "மருந்து வேலை செய்யுது" என்று கூட்டாளிகள் கேலி செய்தார்களாம். என் அம்மா இதைச் சொல்லும்போது அந்த விக்கலைச் செய்து காட்டுவாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். அந்த வாசலில் பாட்டி எவ்வளவு பயந்திருப்பாள் என்று யோசிக்க எனக்கு நாற்பது வயது ஆயிற்று. லயத்திலிருந்து வாசல் வரை அறுபது எட்டு இருக்குமா? அதைவிடச் சிறிய பயண இலக்கியம் எனக்குத் தெரியாது.

தமிழில் அச்சான பயண நூல்களிலும் தன்னை முன்னால் நிறுத்திக்கொள்ளாத நல்ல எழுத்து உண்டு. கோட்டையூர் ஏ. கே. செட்டியார் மகாத்மா காந்தியைப் பற்றிய படத்துக்காக 1937 முதல் 1940 வரை உலகம் முழுவதும் அலைந்தவர். பர்மாவில் பத்திரிகை ஆசிரியராகவும் இருந்தவர். எதைப் பார்த்தாலும் மூன்று சிறிய வாக்கியங்களில் சொல்லிவிட்டு, நான்காவதில் சிரிக்காமல் சிரிக்க வைப்பார். 'சிட்டி' என்ற பெ. கோ. சுந்தரராஜனும் தி. ஜானகிராமனும் நண்பர்களோடு காவிரி ஓரமாகவே பயணம் செய்து 'நடந்தாய் வாழி காவேரி' எழுதினார்கள், 1971இல் வந்தது. இருவரும் அகில இந்திய வானொலிக்காரர்கள். ஜானகிராமன் கல்வி ஒலிபரப்பையே கவனித்துக்கொண்டவர். இன்று என்னைப்போல் ஒலிவாங்கிக்கு முன் பேசுகிறவர்களுக்கு அதில் ஒரு சிறிய பெருமை உண்டு. ஆறு போகிற வழியில் போவது என்று திட்டம் போட்டுக்கொண்டால் சாலை எங்கே முடியும், சோறு எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் ஆற்றின் இஷ்டம். அந்த நூலின் சுவையே அதுதான்.

இனி எங்கள் கார் ஒருமுறை வழி தவறிய கதையைச் சொல்கிறேன். மேலே சொன்ன பாடமெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கிற்று.

என் அம்மா பிறந்தது ஜொகூரில், லாயாங்-லாயாங் பக்கத்தில் ஒரு தோட்டம். அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. பூன் லேயிலிருந்து புறப்பட்டோம். நான், என் மனைவி, மகன், அம்மா, அம்மாவின் தம்பியான மாமா. மின்விசிறி, முறுக்கு டின், முக்கால் டாங்கி எல்லாம் நான் முன்பு சொன்னபடியே. இரண்டாம் பாலத்தைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறி, சிம்பாங் ரெங்கம் பக்கம் இறங்கும்வரை ஒரு குறையும் இல்லை. அதன் பிறகு அம்மா பொறுப்பேற்றுக்கொண்டாள்.

"டவுனைத் தாண்டினதும் இடது கைப்பக்கம் புகைவீடு தெரியும். அதுக்கு எதிர்த்தாப்பில செம்மண் ரோடு. அதில போனா கிராணி பங்களா. பங்களாவுக்கு முன்னால பெரிய நெல்லி மரம்."

இடது கைப்பக்கம் செம்பனை தெரிந்தது. வலது கைப்பக்கமும் செம்பனைதான். புகைவீடும் இல்லை, நெல்லியும் இல்லை. கைப்பேசியில் வழி சொல்லும் பெண் குரல், முடிந்த இடத்தில் வண்டியைத் திருப்பச் சொன்னது.

"யாருப்பா இந்தப் பொண்ணு? இவளுக்கு இந்த ஊரா?" என்றாள் அம்மா.

"இல்லைங்க அத்தை, அது மெஷின்" என்றாள் என் மனைவி.

"அதான். தோட்டத்துப் பிள்ளையா இருந்தா புகைவீட்டைச் சொல்லியிருக்கும்."

திரும்பினோம். மறுபடியும் வந்தோம். சாலையோரத்தில் ஒரு மலாய்ப் பெரியவர் வாழைப்பழம் பொரித்து விற்றுக்கொண்டிருந்தார். முதல் தடவை கடந்தபோது எங்களைப் பார்த்தார். இரண்டாம் தடவை புன்னகை செய்தார். மூன்றாம் தடவை கையை ஆட்டினார். நான்காம் தடவை வெட்கம் தாங்காமல் நிறுத்தி, ஐந்து வெள்ளிக்குப் பழம் வாங்கினேன். வழி கேட்க எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. வாங்கிக்கொண்டு போய், ஐந்தாம் தடவையும் அங்கேயே வந்து சேர்ந்தேன். இந்த முறை அம்மாவே கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். ஐம்பது ஆண்டுகளாக நாங்கள் அவள் வாயில் கேட்டிராத தோட்டத்து மலாய் மொழி அருவிபோல வந்தது. "ரூமா ஆசாப் எங்கே?" என்று கேட்கிறாள். ரூமா ஆசாப் என்றால் புகைவீடு. பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு எண்ணெய்க் கரண்டியாலேயே தமக்குப் பின்னால் காட்டினார். கடைக்குப் பின்புறம், புல்லுக்குள்ளே, நீளமாக ஒரு சிமெண்டுத் தளம். அதுதான் புகைவீடு. நாங்கள் ஐந்து தடவை அதைக் கடந்திருக்கிறோம். ஒரு தடவை அதன் வாசலில் நின்று பழம் தின்றிருக்கிறோம்.

அம்மா தளத்தின்மேல் ஏறி நின்றாள். ஒரு மூலையைக் காட்டி, "இங்கதான் உங்க தாத்தா நிப்பாரு" என்றாள். ரப்பர்த் தகடுகளைக் கம்பில் தொங்கவிடும் வேலை தாத்தாவுக்கு. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அவர் மேலெல்லாம் புகை வாடை அடிக்குமாம். என் மகன் குனிந்து சிமெண்டை முகர்ந்து பார்த்தான். "பழம் பொரிக்கிற வாசனைதான் வருது" என்றான். மாமா சிரிக்கத் தொடங்கினார். பிறகு எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

எதிர்ச் சாலையில் போனோம். லயம் இல்லை, பங்களா இல்லை. மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனைகளுக்கு நடுவில் சின்னதாக நின்றது. யாரோ அன்று காலையில் பூ வைத்திருந்தார்கள். தேங்காய் உடைத்தோம்.

திரும்பும் வழியில் அம்மா பின்னிருக்கையிலிருந்து பேரனைத் தட்டினாள். "தம்பி, ஒரு தாளை எடு. அடுத்த தடவை உங்கப்பன் அஞ்சு சுத்துச் சுத்த வேணாம். நான் சொல்றேன், நீ எழுது."

அவன் கைப்பேசியை எடுத்தான்.

"அதில வேணாம். தாளு. எழுது: டவுனைத் தாண்டினதும் இடது கைப்பக்கம் புகைவீடு."

"பாட்டி, அங்கே புகைவீடு இல்லையே?"

"இல்லாட்டி என்ன? நீதான் நின்னு பார்த்தியே. எழுது. புகைவீடு. முன்னால பழம் பொரிக்கிறவர். அஞ்சு வெள்ளிக்கு வாங்கினா ரெண்டு பழம் கூடப் போடுவாரு. எதிர்த்தாப்பில ரோடு. அதில நேரே போனா நெல்லி மரம் இருந்த இடம்…"

அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் முறுக்கு டின்னின் மூடியைப் பலகையாக வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே வந்தான். கூலாய் வருவதற்குள் தாளின் இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டன.